கல்லின் சிவப்புப் பக்கம்

நஹ்லா மகன் ஜவாதின் பள்ளிப் பையைக் கவிழ்த்ததும் முதலில் விழுந்தது பாதி கடித்த ரொட்டி. அதன் பின்னால் ஒரு கல் விழுந்தது.

உள்ளங்கையில் அடங்குகிற கல். ஒரு பக்கம் வெள்ளைச் சாயம், மறுபக்கம் சிவப்பு.

"உனக்குத்தாம்மா," என்று ஜவாத், சீர் கொண்டுவந்த தாய்மாமன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான்.

நஹ்லா அவனை ஓங்கி அறைந்தாள்.

இதுவரை அவள் அவனை அடித்ததில்லை. அவனுக்கு அழக்கூடத் தோன்றவில்லை.

கூடத்தில் உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த நாத்தனார் விதாத் தட்டைக் கீழே வைத்தாள்.

"ஒரு கல்லுக்காடி பச்சப் புள்ளைய அடிப்ப? நாலு காசு சம்பாதிக்கிற திமிரு! எத்தனை நாத்து நட்டு என்ன, ஒரு புதினாக் கட்டு இந்த வீட்டுக்கு வந்திருக்கா?"

புதினா எப்படி வரும்? நஹ்லா வேலை பார்ப்பது நாற்றுப் பண்ணையில் இல்லை. வீட்டில் சொன்னதுதான் அது. நகத்து மண்ணுக்கும் முழங்கால் சிராய்ப்புக்கும் அதைவிடப் பொருத்தமான பொய் அவளுக்குக் கிடைக்கவில்லை.

கடைக்குட்டி ஜவாதும் அக்காவோடு பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு, நஹ்லா கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். வீடு அவளைத் தின்றது. கண்ணிவெடி எடுக்கிற குழுவுக்குப் பெண்களைச் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் போய் நின்றாள். பள்ளிக்குப் பின்னால், போருக்குப் பிறகு யாரும் கால் வைக்காத ஒலிவத் தோப்பைத்தான் முதலில் எடுத்துக்கொண்டார்கள்.

பிள்ளைகளுக்காகத்தான் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சும்மா. அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், அவளுக்கே அவளுக்கென்று பிடித்த முதல் விஷயம் அது.

இன்று காலை அவளுக்கு முதல் வெடி கிடைத்தது.

உலோகம் தேடும் கருவி கத்தியதும் விதிப்படி மற்றவர்கள் எல்லோரும் சாலைவரை விலகிப் போனார்கள். நஹ்லா மட்டும் தலைக்கவசத்தோடு குப்புறப் படுத்து, தூரிகையால் மண்ணைத் தள்ளித் தள்ளி அதன் விளிம்பை வெளியே கொண்டுவந்தாள். பிறகு வந்து பார்த்த தலைவி ஜுமானா, "நல்ல கை உனக்கு," என்றாள். அந்தச் சந்தோஷத்தில், கிளம்பும்போது தேடிய இடத்துக்கு எல்லையாக வைக்கும் கல் வரிசையைக்கூட நஹ்லா திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வரிசையில் இருந்திருக்க வேண்டிய கல்தான் இப்போது அவள் கையில் இருந்தது.

சாலையோரம் சாயம் காயப்போட்ட கற்கள் குவியலாகக் கிடக்கும். அங்கிருந்து எடுத்திருப்பான். அப்படித்தான் இருக்கும். இருக்க வேண்டும்.

அவள் அவன் முன்னால் மண்டியிட்டாள்.

"கண்ணு, கல்லெல்லாம் குமிச்சு வச்சிருந்துச்சா?"

"இல்ல. வரிசையா இருந்துச்சு."

"நீ வர்றப்ப என்ன நிறமா தெரிஞ்சுது?"

பயிற்சியில் முதல் நாளே ஜுமானா சொல்லிக்கொடுத்தது இது. தேடி முடித்த பக்கத்தைப் பார்த்து வெள்ளை, தேடாத பக்கத்தைப் பார்த்து சிவப்பு. கல் சிவப்பாகத் தெரிந்தால் அசையாதே, கத்திக் கூப்பிடு.

"சிவப்பு," என்றான் ஜவாத். "எல்லாமே சிவப்பு. அழகா இருந்துச்சு."

நஹ்லா அவன் கால்களைப் பிடித்துப் பார்த்தாள். ஒரு காலணியில் வார் அறுந்திருந்தது, அவ்வளவுதான். இரண்டு கால்களையும் விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"எந்த வழியாடா போன?"

"பள்ளிக்கூடத்துப் பின்சுவர்ல ஓட்டை இருக்கு. இடைவேளையில போனேன்."

அவள் கைபேசியை எடுத்தாள். முற்றத்துக்குப் போய்ப் பேசலாம். விதாத் காதில் விழாது. விழுந்தால் இன்றைக்கே பெய்ரூத்தில் லாரி ஓட்டும் புருஷனுக்குச் செய்தி போய்விடும், நாளையோடு வேலைக்கு முழுக்கு.

ஆனால் மகனின் கால்களிலிருந்து கையை எடுக்க அவளால் முடியவில்லை. இருந்த இடத்திலிருந்தே பேசினாள்.

"ஜுமானா, தோப்புல என் வரிசையில ஒரு கல்லு இல்ல. நாளைக்கு யாரையும் இறக்காத. பள்ளிக்கூடத்துப் பின்சுவர்ல ஓட்டை இருக்கு, உடனே ஆள் அனுப்பு. ஒரு பிள்ளை உள்ள வந்திருக்கு. என் பிள்ளை."

விதாத்தின் கால் பட்டுத் தட்டிலிருந்த பருப்பு சிதறியது. "எந்தத் தோப்புடி? கண்ணிவெடித் தோப்பா? அங்க உனக்கென்ன வரிசை?"

கைபேசிக்குள் ஜுமானா கத்தினாள். "உன் வரிசைக்கா வந்தான்? நீ அங்கதான இருந்த? எப்படிப் பாக்காம விட்ட?"

ஜவாதுக்கு அது நன்றாகக் கேட்டது. கன்னத்தைத் தடவிக்கொண்டே அம்மாவுக்காகப் பரிந்து பேசினான்.

"அம்மாவைத் திட்டாதீங்க. அம்மா தொப்பி போட்டுக்கிட்டுக் குப்புறப் படுத்துத் தூங்கிட்டு இருந்தாங்க. பூப்போட்ட முக்காட்டைப் பாத்துதான் நான் கண்டுபிடிச்சேன். பாவம், எழுப்ப வேணாம்னு மெதுவா பக்கத்துல வந்து கல்லை எடுத்துக்கிட்டேன். மணி அடிச்சிடுச்சு, வந்த வழியே ஓடிட்டேன்."