சமாதானப் பொத்தான்

மனக்கசப்பை நொடியில் நீக்கும் சமாதானப் பொத்தான் வீட்டுக்கு வீடு வந்தபின், கணவன் மனைவி சண்டை எதுவும் வாசற்படி தாண்டியதில்லை. மனைவி கோமதியின் பிறந்தநாளை அடியோடு மறந்துபோன அம்பலவாணன், வழக்கம்போல் அதை அழுத்தக் கையை நீட்டினார்.

"அதத் தொட்டீங்க, அம்மா வீட்டுக்குப் போயிருவேன்! கல்யாணமானதுலேர்ந்து ஒரு தடவையாவது என்னை முழுசாக் கோவப்பட விட்டிருக்கீங்களா? இன்னைக்கு நீங்களே சமாதானப்படுத்துங்க."

அந்த வித்தை அவருக்குத் தெரியாது. கெஞ்சிப் பார்த்தார், பாடியும் பார்த்தார். அறைக்கதவு சாத்திக்கொண்டது. கடைசியில் அவளுக்குப் பிடித்த சொதிக்குழம்பு வைத்தார், தேங்காய்ப்பால் திரிந்துபோயிற்று. கோமதி வெளியே வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கடைசிச் சொட்டுவரை வழித்துச் சாப்பிட்டாள்.

"கோவம் போயிருச்சா?" என்று மெல்லக் கேட்டார்.

"போகத்தான் பாக்குது, நான்தான் பிடிச்சு வச்சிருக்கேன். நாளைக்கு இஞ்சிப் பச்சடியும் சேத்து வையுங்க."