லண்டனைக் கட்டிப்போட்ட கிளாக்கர்

“லண்டன ஒரு மணி நேரம் ஒத்தக் கம்பியில கட்டிப்போட்டவன்ம்மா ஒங்கப்பன். அங்க ஊரே தேத்தண்ணி குடிக்காம காத்துக் கெடந்துச்சு.”

செத்த வீட்டிலும் வேலாயுதம் மாமாவின் வாய் அடங்கவில்லை. நோர்வூட் தேயிலைத் தோட்ட ஆபீசில் புனிதாவின் அப்பா செல்லையா கிளாக்கரோடு கடைசி வரை வேலை பார்த்தவர். அப்பாவோடு இருபத்தைந்து வருஷமாகப் பேச்சுவார்த்தையே இல்லாத புனிதாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“சும்மா இருங்க மாமா. அந்தக் காலத்து இன்டர்நெட் சேர்ந்தாப்புல அஞ்சு நிமிஷம் நிக்காது.”

“அன்னைக்கு நின்னுச்சும்மா. மொத மொதல்ல கனெக்ஷன் குடுத்த நாளு. தோட்டத்து மேனேஜர் தொர பக்கத்துலயே நிக்கிறாரு, ஒங்கப்பன் லண்டனுக்குத் தேயிலைக் கணக்கெல்லாம் அனுப்புறான். ஆபீசுக்கே ஒரே லைன். இன்டர்நெட் ஓடுனா போன் மணியடிக்காது. வெளியில இருந்து போன் அடிச்சா எங்கேஜ்தான்.”

“அது என்னைக்கு மாமா?”

“நீ கொழும்புல அந்தப் பையனக் கட்டிக்கிட்ட அன்னைக்குத்தான். கல்யாணத்துக்கு மக ஒரு போன்கூடப் போடலியேன்னு சாகுற வரைக்கும் சொன்னான், பாவி.”

புனிதாவின் சிரிப்பு நின்றது. தாலி ஏறுமுன் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்க அன்று அவள் அவருடைய ஆபீசுக்கு விடாமல் போன் அடித்தாள். தன் குரலைக் கேட்கப் பிடிக்காமல் அவர் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டார் என்றே இத்தனை வருஷமும் நம்பியிருந்தாள்.

“நெசந்தான் மாமா,” என்றாள். “முழுசா ஒரு மணி நேரம் எங்கேஜாவே இருந்துச்சு.”