விருந்தாளிகளின் முகக்கவசம்

பெயிண்ட் ஆய்வுக்கூடத்தின் ஜன்னல் வெயிலில் நானோ துகள் புகையாய் மிதக்கிறது. எட்டு வருடமாக அதைத் தராசில் நிறுத்து, பூச்சில் கலப்பவள், மூக்கை மறைத்துக் கைக்குட்டை கட்டியிருக்கிறாள். கூடத்தைச் சுற்றிப் பார்க்க வந்த ஐந்து பேருக்கும் மேலாளர் வாசலிலேயே புது முகக்கவசம் கொடுத்துவிட்டார். இப்போது பூச்சிட்ட தகட்டை இரும்பு நாரால் பரபரவென்று தேய்க்கிறார். "இந்தத் துகள் சேர்த்ததுக்கப்புறம் ஒரு கீறல்கூட விழறதில்ல, பாருங்க." அவளுக்கு இருமல் பொத்துக்கொண்டு வருகிறது, அடக்க அடக்க விலாவில் பிடிக்கிறது. "அக்கா, இவங்க போற வரைக்கும் கொஞ்சம் வெளிய நில்லுங்களேன்," என்கிறார் மேலாளர், சிரிப்பு மாறாமல். "சரி சார்." வராந்தாவில் நின்று இருமித் தீர்க்கிறாள். உள்ளே கைதட்டுகிறார்கள். அவர்கள் போனதும் திரும்பி வந்து, குப்பைக்கூடையில் கிடக்கும் முகக்கவசங்களில் உதட்டுச்சாயம் படாத ஒன்றைத் தேடி எடுத்து, உதறி மாட்டிக்கொண்டு, அடுத்த பொட்டலத்தைப் பிரிக்கிறாள்.