கதவுக்கு எந்தக் கோணம்?

"எப்ப போறேன், எப்ப வர்றேன், கையில இன்னா பை, எல்லாத்தையும் கணக்கு எடுக்குறாம்மா அந்தப் பொம்பளை. கதவைச் சாத்துறதே கிடையாது."

போனில் அம்மாவிடம் பொரிந்து தள்ளினாள் பூர்ணிமா.

அரக்கோணத்துக்காரி. ஆம்பூரில் ஆரம்பப் பள்ளி டீச்சர் வேலை கிடைத்துத் தனியாக வந்தவள். வாடகைக்குப் பிடித்தது ஒரு நீள நடையின் கடைசி வீடு. நடை பல்பு போய் மாசக்கணக்காகிறது. வீட்டுக்காரர் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை.

அவள் சொன்ன பொம்பளை, எதிர்வீட்டு முனவ்வர் பேகம். ஷூ கம்பெனித் தோலை வாங்கிவந்து வீட்டிலேயே கையால் தைத்துக் கொடுப்பவள். ஒரு பழைய ஷூ அச்சு மரக்கட்டையை முட்டுக்கொடுத்துக் கதவை ஆவென்று திறந்து வைத்துக்கொண்டு, தன் வீட்டு பல்புக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பாள்.

"வந்துட்டீங்களா மிஸ்?"

தினமும் இதே கேள்வி.

பள்ளி விடுவது நாலு மணிக்கு. பூர்ணிமா வீடு திரும்புவதோ இருட்டிய பிறகு. நடுவில் எங்கே போகிறாள்? ரயில்வே ஸ்டேஷனுக்கு. அரக்கோணம் பக்கம் போகிற வண்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, ஏறாமல் திரும்பிவிடுவாள். பேச ஆளில்லாத வீட்டுக்கு அவசரமாகப் போய் என்னத்தைச் செய்ய? இதை யாரிடம் சொல்வது, வெட்கக்கேடு. அதனால்தான் அந்தக் கேள்வி சுருக்கென்று குத்தியது.

ஒரு நாள் பொறுமை போய்விட்டது.

"நான் லேட்டா வந்தா உங்களுக்கு இன்னாங்க பேஜாரு? கதவைச் சாத்திக்கினு வேலையைப் பாக்கக்கூடாதா?"

முனவ்வர் ஊசியை நிறுத்தினாள்.

"சரி மிஸ்."

மறுநாள் சாயங்காலம் அந்தக் கதவு சாத்தியிருந்தது. அப்பாடா என்றிருந்தது பூர்ணிமாவுக்கு. இருட்டில் பூட்டைத் துழாவினாள். செல்லில் சார்ஜ் இல்லை. சாவி நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து தடவித் தேடி எடுத்து, நிமிரும்போது நெற்றியை நாதாங்கியில் இடித்துக்கொண்டாள்.

உள்ளே போனதும் அழுகை வந்துவிட்டது. வந்துட்டியா என்று கேட்க இந்த ஊரில் ஒரு நாதி இல்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் நாலாங்கிளாசுக்குக் கோணங்கள். வகுப்புக் கதவையே பிடித்துக்கொண்டு நடத்தினாள்.

"கதவைக் கொஞ்சூண்டு திறந்தா?"

"குறுங்கோணம் மிஸ்."

"பாதி திறந்து நேரா நிறுத்தினா?"

"செங்கோணம் மிஸ்."

"அதுக்கும் மேல தள்ளினா?"

"விரிகோணம் மிஸ்."

"சந்தேகம் இருந்தா கேளுங்க."

பில்கிஸ் எழுந்தாள். முனவ்வரின் மகள். நெற்றி வீக்கத்தையே அவள் உற்றுப் பார்க்க, பூர்ணிமாவின் முகம் இறுகியது. அம்மா எதையோ ஓதி அனுப்பியிருக்கிறாள், வேறென்ன.

"இன்னா பில்கிஸ்?"

"எங்க வீட்டுக் கதவை எந்தக் கோணத்துல வைக்கணும் மிஸ்?"

"அதான் சாத்தியாச்சே."

"சாத்துனா வெளிச்சம் வரமாட்டேங்குதே மிஸ். நேத்து நீங்க சாவியைக் கீழ போட்ட சத்தம் கேட்டதிலேர்ந்து எங்க அம்மி சாப்பிடவே இல்ல. கதவைத் திறக்குறாங்க, சாத்துறாங்க, ஒண்ணும் சரியா வரல."

பில்கிஸ் வகுப்புக் கதவின் பக்கம் வந்தாள். அதைக் கொஞ்சம் தள்ளினாள், கொஞ்சம் இழுத்தாள்.

"உங்க பூட்டு மேல எங்க லைட்டு விழணும். ஆனா உள்ள இருக்குற அம்மி உங்க கண்ணுல படக்கூடாது. அதுக்கு எந்தக் கோணம் மிஸ்?"