ஷெட்டின் பின்சுவர்

புது கார் தெருமுனையில் திரும்பிவிட்டது என்று சித்தப்பா வாசலிலிருந்து கத்தியபோது, மகள் கார் ஷெட்டின் பின்சுவரில் கடைசி எழுத்துக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து முடித்திருந்தாள்.

‘அம்மா, நில்!’

ஒவ்வொரு எழுத்தும் ஒரு சாண் உயரம். ஓட்டுகிறவர் கண்ணில் படாமல் போக வழியே இல்லை.

எட்டிப் பார்த்த சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அவள் எப்போதும் கூடவே சிரித்துவிடுவாள். அம்மாவைக் கிண்டல் செய்வதில் உள்ள சௌகரியமே அதுதான்.

ஒன்பது வருடங்களுக்கு முன்னால் இந்தச் சுவரை இடித்தது அம்மா என்பது குடும்பத்தில் பச்சைக்குழந்தைக்கும் தெரியும். ஐம்பது வயதுக்கு மேல் அடம்பிடித்து ஓட்டக் கற்றுக்கொண்டாள். முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினாள். மூன்று மாதம் கடைக்கும் கண்ணிக்கும் காரிலேயே போய்வந்தாள். பிறகு ஒரு நாள் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலேட்டர். நான்கு செங்கல் பின்பக்கத்துக் காலிமனையில் போய் விழுந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்தவர்களிடம் அவள் மழுப்பவில்லை. நான்தான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள்.

அப்பா முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஓய்வு பெற்றபோது மேடையில் ஏற்றி, ‘விபத்தில்லா ஓட்டுநர்’ என்று பொறித்த கேடயம் கொடுத்தார்கள். அந்த விழாவுக்கு முந்தின நாள் பார்த்தா அம்மா சுவரை இடிக்க வேண்டும்? வந்திருந்த சொந்தக்காரர்கள் கூடத்தில் கேடயத்தைப் பார்த்தார்கள், அப்படியே ஷெட்டுக்குப் போய் ஓட்டையையும் பார்த்தார்கள். ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் என்றார் சித்தப்பா.

அதற்குப் பிறகு அம்மா ஸ்டியரிங்கைத் தொடவில்லை. தொடாதே என்று யாரும் சொல்லவில்லை, தொடு என்றும் சொல்லவில்லை. லைசென்ஸை மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். தேதி முடிந்தபோது, யாரிடமும் மூச்சு விடாமல் போய்ப் புதுப்பித்துக்கொண்டு வந்தாள். மகள் அதைத் தற்செயலாகப் பார்த்திருக்கிறாள். எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

பழைய காரை விற்று, மகள் தன் பங்குக்கும் போட்டு, புதுசு வாங்குவது என்று முடிவான பிறகுதான், ஒன்பது வருடமாகப் பூட்டிக் கிடந்த ஷெட்டுக்கு விடிவுகாலம் வந்தது. அப்பா வேறு யாரையும் கிட்டே விடவில்லை. ஷட்டருக்கு கிரீஸ் போட்டார். தரையிலிருந்த எண்ணெய்க்கறையை உட்கார்ந்து சுரண்டினார். ஓட்டையை மறைத்திருந்த பலகையை எடுத்துவிட்டு, தானே செங்கல் வைத்து, தானே பூசினார்.

பூச்சு வெடிக்காமலிருக்க மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றியது அம்மா. இடித்தவர்தானே ஊற்ற வேண்டும் என்று மகள் சீண்டினாள். அப்பா பூச்சுக்கரணையைக் கழுவப் போய்விட்டார்.

கார் வந்து வாசலில் நின்றது. நல்ல நீலம். கொண்டுவந்தவர் சாவியை மகளிடம் கொடுத்தார், மகள் அதை நேராக அப்பாவின் கையில் வைத்தாள். அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அம்மா காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். கதவைத் தடவினாள். திறந்திருந்த ஜன்னல் வழியாக ஸ்டியரிங்கைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஒரே ஒரு தடவை ஹார்ன் அடிச்சுப் பாத்துக்கட்டுமா?”

அடித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

அப்பா வண்டியை எடுத்தார். பெயின்ட் டப்பாவைச் சுவரோரமே விட்டுவிட்டு வந்தது மகளுக்கு அப்போதுதான் உறைத்தது. முன்னால் ஓடினாள். டப்பாவையும் துணியையும் அள்ளிக்கொண்டு மூலையிலிருந்த சாமான் அலமாரிக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

வண்டி பாதி உள்ளே வந்து நின்றுவிட்டது.

வா வா என்று கையை ஆட்டிக்கொண்டிருந்த அம்மா, அப்பாவின் ஜன்னலருகே போய்க் குனிந்தாள். வெளியே நின்றவர்களுக்குக் கேட்டிருக்காது. அலமாரிக்குப் பின்னால் இருந்த மகளுக்குக் கேட்டது.

“பதறாம மெதுவா வாங்க. இடிச்சா இடிக்கட்டும். போன தடவை நான் ஓட்டுனதா சொன்னோம், இந்தத் தடவை நான் சைகை தப்பாக் காட்டிட்டதா சொல்லிக்கலாம்.”

மகள் டப்பாவை மெல்லக் கீழே வைத்தாள்.

அப்பாவின் மேல் கோபம்தான் முதலில் வந்தது. ஆனால் முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர், ஒரு காரைப் பாதியில் நிறுத்திவிட்டு அந்தச் சுவரையே வெறித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே எப்படிக் கோபப்படுவது? அதைவிடத் தன்னை நினைத்துத்தான் அதிக வெட்கமாக இருந்தது. ஒன்பது வருடத்தில் எத்தனை கிண்டல்.

இன்ஜின் நின்றது.

அப்பா இறங்கினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, சாவியை அம்மாவிடம் நீட்டினார். அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் மறுபக்கம் சுற்றிப்போய், இத்தனை வருடம் அவள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டார்.

சுவர் போச்சு என்று சித்தப்பா வெளியே தலையில் கைவைத்தார்.

மகள் துணியை எடுத்துச் சுவரைத் துடைத்தாள். ஈரம் காயாத ‘அம்மா’ இளஞ்சிவப்பாக இழுகி மறைந்தது. ‘நில்!’ அப்படியே இருந்தது. யார் ஓட்டினாலும் அது தேவைதான்.

அம்மா சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள்.

பிறகு மறுபடியும் ஒரு தடவை ஹார்ன் அடித்தாள், இந்த முறை யாரையும் கேட்காமல்.