சொன்னபடியே

இன்றைக்கும் அவர் சொல்கிறபடியே போட்டுவிட வேண்டியதுதான், என்று அவள் நினைத்துக்கொண்டாள். வாதாட வேண்டுமென்றால் முதலில் நிமிர்ந்து உட்கார வேண்டும். அதற்குக்கூட முதுகில் தெம்பில்லை.

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி திறந்திருந்தது. காலையிலிருந்து காப்பீட்டு அலுவலகத்தில் யார் யாருடைய விண்ணப்பங்களையோ கணினியில் ஏற்றிவிட்டு, அனுமதி கேட்டு முன்னதாகக் கிளம்பி வந்திருந்தாள். இப்போது சொந்த மகளுடைய விண்ணப்பம். அலுவலகத்தில் அவளுக்கு ஒரே ஒரு விதி: எழுதியிருப்பதை அப்படியே ஏற்று, உன் யோசனையைக் கலக்காதே. பதினேழு வருடத்தில் அது வீட்டுக்கும் தொற்றிக்கொண்டுவிட்டது.

கணவர் பணிமனைச் சீருடையோடு அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எந்தப் பேருந்து முதலில், எது அடுத்தது என்று எண் போட்டு அனுப்புகிற நேரக்காப்பாளர் வேலை. ஐந்தரைக்குள் அவர் கிளம்ப வேண்டும். ஆறு மணிக்கு விண்ணப்பம் மூடிவிடும்.

"அஞ்சும் ஏத்தியாச்சா?"

"ஏத்தியாச்சுங்க. எதுக்கு என்ன போடறதுன்னு நீங்க சொன்னாச் சரி."

ஐந்து பல்கலைக்கழகங்கள். ஐந்திலும் கணினி அறிவியல். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஒரு கட்டம். அதில் ஒன்று முதல் ஐந்து வரை விருப்பப் புள்ளி கொடுக்க வேண்டும்.

"அந்த மலை மேல இருக்கறதுப்பா," என்றாள் மகள், நாற்காலியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு. "அங்க முதல் வருஷமே ஒரு கம்ப்யூட்டரை நாமளே அடியிலேருந்து கட்டணும். என் மார்க்குக்கு அங்க கட்டாயம் கிடைக்கும்."

"பதினோரு மணி நேரம் ரயில்ல போகணும். நீ காய்ச்சல்னு படுத்தா, நான் வந்து சேர்றதுக்குள்ள உனக்கு அதுவே சரியாயிடும்."

"அப்ப நல்லதுதானே?"

"வாய் மட்டும் இல்லேன்னா..."

"இங்க போன வருஷம்தான்பா இந்தப் படிப்பையே ஆரம்பிச்சாங்க. நூத்தியிருபது பேருக்குப் பதினெட்டு கம்ப்யூட்டர். பாதி நேரம் முன்னாடி உட்கார்ந்திருக்கறவளோட பின்னலைத்தான் பார்த்துட்டு நிக்கணும்."

"நின்னு படிச்சா ஒண்ணும் குறைஞ்சிட மாட்ட. நம்ம வாசல்ல ஏறினா காலேஜ் வாசல்ல இறக்கி விடற பஸ். நானே அனுப்பற பஸ்."

மகள் அம்மாவின் பக்கம் திரும்பினாள். "நீயாவது ஏதாவது சொல்லேம்மா."

அவருக்கு இருப்பது கோபமல்ல, பயம். அது அவளுக்குத் தெரியும். கோபமாக இருந்தால் ஒரு நாள் பேசாமலிருந்து தணித்துவிடலாம். பயத்தோடு பேசி ஜெயித்ததாக ஒரு நாளும் அவளுக்கு நினைவில்லை.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டங்களுக்கு மேலே பொடி எழுத்தில் நான்கு வரிகள். கடைசி வரி வரைக்கும் போய், மறுபடி முதல் வரிக்கு வந்தாள்.

"மேல ஏதோ விதி போட்டிருக்குங்க. படிக்கட்டுமா?"

"விதியெல்லாம் எல்லா ஃபாரத்துலயும் ஒண்ணுதான். எனக்கு நேரமாச்சு. சொல்லச் சொல்லப் போட்டுட்டே வா."

அவள் விரல்களை எண்களின் மேல் வைத்தாள்.

"இந்த ஊர்ல இருக்கறதுக்கு ஒண்ணு. ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறதுக்கு ரெண்டு." வண்டிகளை அனுப்புகிற அதே குரல். "மில்லுக்குப் பின்னாடி, மூணு. துறைமுகத்துக்கிட்ட, நாலு. மலைக்கு அஞ்சு."

"மலைக்கு அஞ்சுதானே?"

"அஞ்சேதான். எத்தனை வாட்டி சொல்றது?"

போட்டாள். பிறகு மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். "நீங்களே அனுப்பிடுங்க."

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, வரிசையாக இருந்த எண்களை ஒரு முறை பார்த்தார். அழைப்பு மணியை அழுத்துகிற மாதிரி ஒரே விரலால் அழுத்தினார். "அப்பாடா. ஒரு தலைவலி விட்டுது."

மகள் எழுந்தாள். "நீ எப்பவுமே அப்பா கட்சிதான்மா," என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் அந்தக் கதவை இரண்டு தட்டுத் தட்டி, "பாப்பா, உனக்குப் புது லேப்டாப் வாங்கித் தரேன்," என்றார். சற்று நின்று பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

அவள் பாத்திரம் கழுவினாள். கழுவிய தம்ளரையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள் என்பது தண்ணீர் வழிந்த பிறகுதான் தெரிந்தது.

ஆறு மணிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது மகள் கைப்பேசியோடு வந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"அம்மா, ஒப்புகை வந்திருக்கு. அதிகப் புள்ளி எதுக்கோ, அதுக்குத்தான் முதல் இடமாம். அப்பா தலைகீழாச் சொல்லிட்டாரு. மலைதான் முதல்ல நிக்குது!"

அவள் குழாயை மூடினாள்.

மகளின் முகத்தில் வந்த வெளிச்சம் அங்கே நிலைக்கவில்லை. "தெரிஞ்சா அப்பா உன்னைத்தான் காய்ச்சி எடுப்பாரு. டைப் பண்ணது நீதானே. ஆறு மணி வரைக்கும் திருத்தலாம்னு போட்டிருக்கு. பாஸ்வேர்டைச் சொல்லும்மா, நான் மாத்திடறேன். எனக்கு இந்த ஊரே போதும்."

இந்தப் 'போதும்' அவளுக்குப் பழக்கமானது. பதினெட்டு வயதில், இதே மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு, அவளும் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு யாரும் மறுக்கவில்லை.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"மாட்டேன்டி. அந்த நாலு வரியை நான் ரெண்டு தடவை படிச்சேன்."