சுவருக்கு இந்தப் பக்கம்

"நம்ம முற்றத்துல விழுந்தா அது நம்ம பழம். ஊரே அப்படித்தான் சொல்லும். உனக்கு மட்டும் என்னடி தனிச் சட்டம்?"

விடிய விடிய லாரி ஓட்டிவிட்டு வந்த களைப்பிலும் கணவனின் குரல் குறையவில்லை. தையல்காரியான அவன் மனைவி குனிந்து, உதிர்ந்து கிடந்த கொய்யாப் பழங்களைக் கூடையில் பொறுக்கினாள். வாசனை மூக்கைத் துளைத்தது. அவளுக்கும் நாக்கு ஊறத்தான் செய்தது.

"சுவருக்கு அந்தப் பக்கம் நிக்கிற மரம் பக்கத்து வீட்டுப் பெரியவரோடது. கேக்காம எடுத்தா திருட்டுதான். பழம்தானேன்னு ஆண்டவர்கிட்ட சாக்குச் சொல்ல முடியுமா?"

"நம்ம சபையில பாட்டு சொல்லித் தர்ற அக்காவே, 'உதிர்ந்ததுக்கெல்லாம் பாவம் கிடையாது'ன்னு சிரிச்சாங்களே!"

"அவங்க வீட்டுல உதிர்ந்தா அவங்க முடிவு பண்ணட்டும்."

"தினம் கொண்டு போய்க் குடுக்கிறியே, அந்தச் சிடுமூஞ்சி ஒரு நாளாவது 'சந்தோஷம்மா'ன்னு சொல்லியிருக்காரா?"

சொன்னதில்லை. கணவனின் பெரியப்பா இறந்தபின் பல வருஷம் பூட்டிக் கிடந்த வீடு இது. இவர்கள் குடிவந்த நாளிலிருந்து பெரியவர் முகம் கொடுத்துப் பேசியதே இல்லை. கதவைத் திறப்பார், கூடையை வாங்குவார், எங்கேயோ பார்த்துக்கொண்டு படாரென்று சாத்துவார். அந்தச் சத்தம் அவளுக்கு வலிக்கும். 'நாளையிலிருந்து போகவே வேண்டாம்' என்று தோன்றும். மறுநாள் மறுபடியும் கூடை.

"அவர் வாயால பாராட்டு வாங்கவா குடுக்கிறேன்?" என்று அவள் நிமிர்ந்தபோது, 'நறுக்' என்று சத்தம் கேட்டது. கணவன் கையில் பாதிக் கொய்யா. மீதி வாயில்.

"அட மனுஷா! ஏவாள் குடுத்து ஆதாம் தின்னான்னு கேட்டிருக்கேன். இங்க ஏவாள் வேண்டாம் வேண்டாங்கிறா, ஆதாம் தானா தின்னுட்டு நிக்கிறான்! நடங்க. நீங்களே வந்து மன்னிப்பு கேளுங்க."

"கடிச்ச பழத்தோடயா? மானம் போயிடும்டி!"

"போனாப் போகட்டும். வாங்க."

பெரியவர் கதவைத் திறந்தார். கணவன் அசடு வழிய அந்தப் பாதிப் பழத்தை நீட்டினான்.

"ஐயா... வாய் சும்மா இருக்கல. தப்புதான், மன்னிச்சுக்குங்க."

பெரியவர் பழத்தைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். முதல்முறையாக அவள் முகத்தையும் பார்த்தார். கதவைச் சாத்தவில்லை.

"போதும்மா. இனிமே பழத்தை எடுத்துக்கிட்டு இந்த வாசலுக்கு வராதே. என்னால தாங்க முடியல. கொத்தனாருக்குச் சொல்லியாச்சு, நாளைக்கு வந்துடுவான்."

அவளுக்குச் சுருக்கென்றது. கண் கலங்கிவிட்டது. "பழம் எங்க பக்கம் விழாம சுவரை உயர்த்தப் போறீங்களாய்யா?"

"இடிக்கப் போறேன்." பெரியவர் சுவரைக் கை காட்டினார். "அந்த மரத்தை நட்டது இந்தத் தம்பியோட பெரியப்பா. வீடு பூட்டிக் கிடந்தப்போ சுவரைத் தள்ளிக் கட்டி இடத்தை வளைச்சுப் போட்டவன் நான். நீ தினமும் என்கிட்ட கொண்டு வந்து குடுத்தது உன் பழத்தைத்தாம்மா."